ஸஃப்பில் கற்றதும் பந்தியில் மறந்ததும்



சென்ற ஆண்டு டெல்லிக்குப் பயணமான நாம், அங்கிருந்து அமிர்தசரஸ் சென்று, சீக்கியர்கள் ஹர்மந்திர் ஸாஹிப் என அழைக்கும் பொற்கோயிலைக் கண்டோம். நம் மத்ரஸாவின் இளம் உஸ்தாத் ஒருவரும் உடன் வந்தார். வழிபடும் நோக்கம் நமக்கில்லை, அறிந்துகொள்ளவே சென்றோம்.

காலணிகளைத் தொண்டர்களிடம் ஒப்படைத்து, தலையை மூடி, வாசலில் ஓடும் நீரில் பாதம் நனைத்து உள்ளே சென்றோம். குளத்தின் நடுவே நிற்கும் அக்கட்டடத்திற்கு நான்கு திசைகளிலும் வாசல்கள் உள்ளன. எல்லா மக்களும் வரலாம் என்பதே அதன் பொருளாம். ஐந்தாம் குருவான அர்ஜன் தேவ் தொகுத்த வேதநூல் 1604ஆம் ஆண்டு அங்கு வைக்கப்பட்டது. சூஃபி ஞானி பாபா ஃபரீத் (ரஹ்) அவர்களின் பாடல்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. 1947ஆம் ஆண்டுப் பிரிவினை வரை ரபாபிகள் எனும் முஸ்லிம் இசைவாணர்கள் அங்கே பாடி வந்தனர். வேதநூலின் முன் பலரும் நெற்றி தாழ்த்தினர். நாம் ஒதுங்கி நின்றோம். எவரும் முகம் சுளிக்கவில்லை.

பின்னர் லங்கர் எனும் பொது உணவுக்கூடம் சென்றோம். உஸ்தாத் தயங்கினார். அங்கே இறைச்சி சமைப்பதில்லை, ரொட்டியும் பருப்பும் போன்ற சைவ உணவே என்றறிந்த பின்னரே அமர்ந்தார். ரொட்டிக்காக அவர் ஒரு கையை நீட்ட, பரிமாறிய முதியவர் புன்னகைத்து, இரு கைகளையும் ஏந்துமாறு சைகை காட்டினார். துஆவுக்கு ஏந்துவதுபோல் ஏந்தினோம். ஒருபுறம் செல்வந்தர் ஒருவர், மறுபுறம் ரிக்‌ஷா ஓட்டுபவர். யாவரும் தரையில் ஒரே வரிசை. மூன்றாம் குரு அமர்தாஸைக் காண வந்த பேரரசர் அக்பரும் இவ்வாறே அமர்ந்து உண்டார் என்பது அவர்களின் மரபுவழிச் செய்தி.

அவ்வேளை நம் உள்ளம் குறுகியது. நம் மத்ரஸா ஆண்டு விழா விருந்தில் நன்கொடையாளர்களுக்கு மேசையும் நாற்காலியும் போட்டு முதலில் பரிமாறுவோம். அவர்கள் எழுந்த பின்னரே பிள்ளைகளுக்குப் பாய் விரிப்போம். பிரியாணியில் கறி குறைந்திருக்கும். இருபது ஆண்டுகளாக இதைக் கண்டும் நாம் வாய் திறந்ததில்லை.

அன்று லுஹர் தொழுகையை அவ்வூரின் கைருத்தீன் பள்ளிவாசலில் நிறைவேற்றினோம். முன்பின் அறியாதவர்களோடு தோளோடு தோள் நின்றபோது ஒன்று விளங்கியது. ஐவேளையும் ஸஃப்பில் நமக்குக் கற்பிக்கப்படும் பாடத்தைப் பந்தியில் நாம் மறந்துவிட்டோம். பிற சமயத்தாரின் பந்தி அதனை நினைவூட்டிற்று.

ஊர் திரும்பியதும் நிர்வாகத்தினரிடம் பேசினோம். சிலர் வருந்தினர், சிலர் சினந்தனர். எனினும் இவ்வாண்டு விருந்தில் அனைவருக்கும் ஒரே நேரத்தில் சஹன் வைக்கப்பட்டது. மூட்டுவலியால் அவதியுறும் பெரியவருக்கு மட்டும் பிள்ளைகளின் அருகிலேயே நாற்காலி போட்டோம். நன்கொடையாளர் ஒருவர் மூன்று பிள்ளைகளோடு ஒரு சஹனில் அமர்ந்து, தம் பக்கமிருந்த கறித்துண்டை அவர்கள் பக்கம் தள்ளி வைத்தார்.

அல்லாஹ் நம் உள்ளங்களிலிருந்து பெருமையை அகற்றுவானாக. ஆமீன்.