ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை

கோல் மார்க்கெட் 1921இல் எழுந்த கட்டடம். கட்டடக் கலைஞர் லட்யன்ஸின் புது டெல்லி உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. பன்னிரண்டு பக்கம் கொண்ட வெள்ளைக் கட்டடம், சுற்றி வட்டச் சாலை, அதைத் தாண்டி வரிசை வரிசையாக அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ். அப்படி ஒரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அப்பா மத்திய அரசில் எழுத்தர். 1923இல் தொடங்கிய டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் மந்திர் மார்க் பள்ளியில் என்னைச் சேர்த்தார். காளி பாரியையும் பிர்லா மந்திரையும் பார்த்தபடி நடந்தே போய் வருவேன். மார்க்கெட் கட்டடத்தில் இருந்த மீன், இறைச்சிக் கடைகளைக் காலி செய்து பல வருடம் ஆகிவிட்டது. அதை அருங்காட்சியகம் ஆக்குவது நகராட்சியின் திட்டம்.

என் மகளும் அதே பேட்டையில்தான் வளர்கிறாள். நான் சென்னையில் இருக்கிறேன். குவார்ட்டர்ஸ் அவள் அம்மாவின் பெயரில் ஒதுக்கியது. பிரிந்தபோது நான் வெளியேறினேன். எங்களுக்குள் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவர் நல்ல தாய். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்குத்தான் ஏங்கித் தீரவில்லை. பிறந்தநாள், தீபாவளியைக்கூட ஒருவாறு கடந்துவிடுகிறேன். மனம் போய் நிற்பதெல்லாம் வெறும் செவ்வாய்க்கிழமைகளில். காலையில் ஒரு காலுறை காணாமல் போகும். ஹீட்டர் போட மறந்திருப்போம். இரட்டைப் பின்னல் போடச் சொல்லி உட்காருவாள். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நான் போட்டு முடிக்க, கண்ணாடியைப் பார்த்து அழுவாள். சாயங்காலம் வட்டத்தில் சாலையைக் கடக்கும்போது என் ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்துக்கொள்வாள், முழுக் கையையும் தரமாட்டாள். குளிர்காலமானால் தெருவோரத்தில் சக்கரவள்ளிக் கிழங்கைச் சுட்டு நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவித் தருவார்கள். எனக்குப் பாதி என்று சொல்லி வாங்கி முழுவதையும் அவளே தின்பாள். அந்த நேரத்தில் பள்ளியில் நடந்தது தானாக வெளியே வரும். நான் எதையும் கேட்க வேண்டியிருக்காது.

இப்போது நான் கேட்க வேண்டியிருக்கிறது. வீடியோ காலில் என் முதல் கேள்வி "சாப்பிட்டியாம்மா?" இரண்டாவது, "ஸ்கூல்ல என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகலப்பா." பிறகு திரையில் அவள் நெற்றி மட்டும் தெரியும், வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். குற்றம் அவளுடையதில்லை. கேள்வி கேட்டுப் பதில் வாங்கினால் எந்தக் குழந்தைக்கும் பிடிக்காது. என்னைப் போன்ற இன்னொரு தகப்பன் ஒரு வழி சொன்னார்: கேட்காதீர்கள், நீங்கள் சொல்லுங்கள். அன்றைக்கு நான் தோசை கருகவிட்டதைச் சொன்னேன். சிரித்தாள். அதன் பிறகு தன் சிநேகிதியோடு போட்ட சண்டையை அவளே எடுத்தாள்.

அவள் தமிழ் குறைந்துகொண்டே வருகிறது. அவள் அம்மாவின் மொழி இந்தி, பள்ளியும் இந்தி, விளையாட்டும் இந்தி. வீட்டில் தமிழ் என்றால் அது நான்தான். நான் கிளம்பியபோது அந்த வீட்டிலிருந்து தமிழும் கிளம்பிவிட்டது. முன்பு "வந்துட்டேன்பா" என்றவள் இப்போது "ஆ கயி அப்பா" என்கிறாள். அந்த அப்பா என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளையைப் பிரிந்திருக்கும் எங்களைப் போன்ற தகப்பன்களைச் சட்டம் மறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது; அதில் எனக்குக் குறை இல்லை. அதே சட்டம்தான் தகப்பனுக்குப் பிறகே தாய் இயற்கைக் காப்பாளர் என்றும் எழுதி வைத்திருந்தது. மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தாயின் கையெழுத்து செல்லாது என்ற நிலையை எதிர்த்து எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999இல்தான் விடிவு வந்தது. தாய்மார்கள் அவ்வளவு காலம் பொறுத்திருக்கிறார்கள். சட்ட ஆணையம் 2015இல், தன் 257ஆவது அறிக்கையில், பெற்றோர் இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுப் பொறுப்புக்கு இடம் தரச் சொன்னது. 2020 ஜனவரியில் நீதிபதி தீபக் குப்தா எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் நெருங்கி வந்து பேசியது: இரு பெற்றோரின் அன்பும் குழந்தையின் உரிமை, நேரில் பார்ப்பதோடு தொலைபேசியிலும் வீடியோ காலிலும் பேசிக்கொள்ள வழி இருக்க வேண்டும், கூட இல்லாத பெற்றோர் முடிந்தவரை அடிக்கடி குழந்தையோடு பேசட்டும். அந்தத் தீர்ப்பைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உரிமை குழந்தையுடையது என்று நாட்டின் பெரிய நீதிமன்றமே சொல்லிவிட்டதில் அவ்வளவு ஆறுதல்.

ஆனால் நீதிமன்றம் தரக்கூடியது நேரம்தான். சனிக்கிழமை பதினொன்றிலிருந்து ஐந்துவரை என்றால், அந்த ஆறு மணி நேரத்துக்குள் அவளை மகிழ்வித்தாக வேண்டும் என்று பதறுகிறேன். கனாட் பிளேஸ், ஐஸ்கிரீம், பொம்மை, ரயில் அருங்காட்சியகம். அவளும் விருந்தாளி போல நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிறாள். அடம் பிடிப்பதில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது. என்னிடம் கோபித்துக்கொள்ளவும் அவளுக்கு நேரம் போதவில்லை. பெற்ற பிள்ளை நம்மோடு சலித்துப்போய் உட்கார்ந்திருப்பதும் ஒரு பாக்கியம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கோடை விடுமுறையில் பாதி என் பங்கு. இதுவரை சென்னைக்குக் கூட்டி வந்து, கடற்கரை, உறவினர் வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். இந்த முறை கரோல் பாகில் ஒரு அறை எடுத்து நானே அங்கே போய் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவள் சிநேகிதிகளைப் பிரிய வேண்டாம். ஓவிய வகுப்பும் நிற்காது. காலையில் தலை வாரி அனுப்பி, மதியம் சாதம் வடித்து, மாலையில் தமிழ் எழுத்து நாலு எழுத வைக்க வேண்டும். அவள் அழுதால் அழட்டும். அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். வெயிலில் அந்த அறை தாங்குமா, கூலர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார்.