இடுப்பில் இருப்பது

யோங் பெங்குக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைப் பாதையில் வைத்துச் சின்ன மாமாவை மடக்கியவர்கள் இரண்டு பையன்கள். ஒரு மோட்டார், ஒரு பாராங். சிறுதோட்டக்காரர்களிடம் பழக்குலை வாங்கி ஆலைக்கு ஏற்றுவதுதான் மாமாவின் தொழில். வாரத்தில் ஒருநாள் ரொக்கம் கொடுக்க வேண்டும். அது எந்த நாள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பணப்பையைக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகும் முழங்கையில் ஒரு வெட்டு. பதினோரு தையல்.

பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீ நிறையப் படிக்கறவன். இடுப்புல சொருகுனா வெளிய தெரியாத மாதிரி ஒரு ரிவால்வர் பாத்துச் சொல்லு. லைசென்ஸுக்கு நான் போட்டுக்கறேன்."

கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிறவனிடம் கேட்கும் கேள்வியா இது? ஆனால் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், மூன்று இரவுகள் அதையேதான் படித்தேன். ஃபவுண்டன் பேனாக்களைப் பற்றிப் படிப்பதில் இருக்கும் அதே சுகம் அதில் இருந்தது.

சின்ன ரிவால்வர் என்பது சமரசங்களின் தொகுப்பு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி 1950இல் வெளியிட்ட 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' இந்த வகையின் தாத்தா. குழல் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. உருளை இடுப்பில் துருத்தக் கூடாது என்பதற்காக ஆறு தோட்டாவை ஐந்தாகக் குறைத்தார்கள். பிறகு அலுமினியக் கலவையில் எடை குறைந்தது. சட்டையில் மாட்டாமலிருக்க, சுத்தியலை உடலுக்குள்ளேயே ஒளித்த மாடலும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. இலேசாக இருந்தால் சுடும்போது கையை உதறிவிடும். கனமாக இருந்தால் நாலாம் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவோம். குழல் குட்டை என்பதால் குறி வைப்பது கஷ்டம். விசையும் கடினம், நிதானமாக இழுக்கப் பழக வேண்டும். முழங்கை தைக்கப்பட்ட ஒருவர், செம்மண் பாதையில், ஒரு நொடியில் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?

"இந்தியாவுல செய்யறது ஒன்னு இருக்காமே?" என்றார் மாமா. இருக்கிறது. டெல்லி சம்பவத்துக்குப் பிறகு, 2014இல் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்று ஒன்றை வெளியிட்டது. பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ள, அரைக் கிலோ எடையில், ஆறு தோட்டா. விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இரவு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எந்தப் பெண்ணுக்காக அந்த விலையை வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் சுருக்கமானது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். கொடுப்பதும் மறுப்பதும் போலீஸ் தலைமையின் கையில். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி.

இந்தச் சட்டங்களின் வேர் எங்கே என்று தேடப் போய்த்தான் நான் வேறு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் துப்பாக்கி ஏந்தினால் மரண தண்டனை என்று விதி வந்தது. யாரையும் சுட்டிருக்க வேண்டியதில்லை. கையில் இருந்தால் போதும்.

அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் பிடிபட்டார். ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டுப் பார்த்தது. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பிடித்ததிலிருந்து தூக்குவரை இரண்டு மாதம்தான். மாமா லைசென்ஸுக்கு விண்ணப்பித்தால் பதில் வர இதைவிட அதிக நாள் ஆகும்.

கணபதியைக் கொஞ்சம் பேருக்காவது தெரியும். சாம்பசிவத்தைத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள். இதே ஜொகூரில் 1948 செப்டம்பரில் நடந்தது அது. இரண்டு சீனர்களோடு போன அவருக்கும் எதிரே வந்த மூன்று மலாய்க்காரர்களுக்கும் கைகலப்பு. பலத்த காயத்தோடு பிடிபட்டார். துப்பாக்கி ஏந்தியது ஒரு குற்றச்சாட்டு, தோட்டா வைத்திருந்தது இன்னொன்று. முதல் விசாரணையில் தோட்டாக் குற்றச்சாட்டிலிருந்து விடுதலை. துப்பாக்கிக்கு மட்டும் மறுவிசாரணை. அங்கே அவருடைய வாக்குமூலத்தை எடுத்து வைத்தார்கள். அதில் துப்பாக்கியும் இருந்தது என்கிறார், தோட்டாவும் இருந்தது என்கிறார். தூக்கு.

லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. ஒருவனை விடுதலை செய்துவிட்டால், மறுபடி அதே குற்றத்துக்கு விசாரிக்கக் கூடாது என்பது மட்டும் அதன் பொருள் இல்லை; அவன் அதைச் செய்யவில்லை என்பதைப் பின்னால் வரும் வழக்கிலும் உண்மையாகவே ஏற்கவேண்டும் என்றார் மெக்டெர்மாட் பிரபு. இந்திய உச்சநீதிமன்றம்வரை இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டியிருக்கிறது. ஒரு தமிழனின் பெயர் உலகத்துச் சட்டப் புத்தகங்களில் இப்படி உட்கார்ந்திருக்கிறது. அவர் பிழைத்தது, இல்லை என்று ஒரு தடவை தீர்ப்பான தோட்டாக்களால்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அஞ்சடியில் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூறை நெருங்குகிறவள். ஐம்பதுகளில் இங்கே பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். 1953இல் மலாக்காவின் ஒரு பகுதி முதல் 'வெள்ளைப் பகுதி' என்று அறிவிக்கப்பட்டபோது, யோங் பெங் வட்டாரம் கன்னங்கரேலென்று இருந்தது. முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு.

"தொர இடுப்புல எப்பவும் ஒன்னு தொங்கும்" என்றாள் பாட்டி. "அவரு எதுக்கு மறைக்கணும்? எல்லாரும் பாக்கணும்னுதான கட்டியிருந்தாரு."

பிறகு அவளாகவே தொடர்ந்தாள். காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் வரிசையாக நிற்க வேண்டுமாம். பொம்பளைகளைச் சோதிக்க ஒரு பொம்பளை. மாராப்பு, கொசுவம், கொண்டை எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பாளாம். தேடியது துப்பாக்கியை இல்லை, அரிசியை. காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சோறு போகக் கூடாது. சைக்கிள் பம்ப்புக்குள் அரிசி அடைத்துக் கொண்டுபோனவர்களும் உண்டு.

மாமா கைப்பேசியில் ஒரு ரிவால்வர் படத்தைக் காட்டினார். பாட்டி கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எவ்வளவு கனம் இருக்கும்?"

"அரைக் கிலோ, கொஞ்சம் கூட."

"நான் இதுக்கு மேல கட்டிக்கிட்டு நடந்திருக்கேன்."

உலக்கைச் சத்தம் மறுபடி தொடங்கியது. மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன். யாருக்காகக் கட்டினாள், எத்தனை தடவை, தாத்தாவுக்குத் தெரியுமா? ஒன்றையும் நாங்கள் கேட்கவில்லை. எழுபது வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது. அந்தத் தோட்டத்தில் அரிசியோடு பிடிபட்டவர்களின் கதி என்ன என்று அவளுக்குத்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் மாமாவைக் கூட்டிக்கொண்டு பட்டணத்துக் கோப்பிக் கடைக்குப் போனேன். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பஸ்கள் நின்று புறப்படும் இரைச்சலில் என் முடிவைச் சொன்னேன்.

"மாமா, திருடன் கிட்ட நீங்க அத எடுப்பீங்களா மாட்டீங்களான்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பயம் ரோட் பிளாக்தான். ராத்திரி பதினொரு மணி. லோரிய நிறுத்தறாங்க. டார்ச் அடிக்கறாங்க. லைசென்ஸ் காட்டுறேன்னு உங்க கை இடுப்புக்குப் போவுது. அந்தப் போலீஸ்காரன் இருவத்தி ரெண்டு வயசுப் பையன். உங்க மூஞ்சியத்தான் பாப்பான், லைசென்ஸப் பாக்கறதுக்கு முன்னால."

மாமா கோப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கறுப்பாய், மீசையோடு, ஆறடி உயரம் அவர். சாலைத் தடுப்பில் மற்ற வண்டிகள் போக, தன் லோரி மட்டும் ஓரங்கட்டப்படுவதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்று சிரிக்கவில்லை.

"அப்ப நான் வெட்டு வாங்கிட்டே இருக்கவா?"

பதில் இல்லை என்னிடம். பேங்க் வழியாகப் பணம் அனுப்பலாமே என்றேன். பக்சிக்மார் நோட்டை எண்ணிப் பார்த்துத்தான் குலையைத் தருவார்கள், கைப்பேசியில் வரும் எண்ணை நம்புவார்களா என்றார். பணம் கொடுக்கும் நாளை மாற்றிக்கொண்டே இருங்கள், கூட ஒரு ஆளை வையுங்கள் என்றேன். ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்றார். ரிவால்வர் வாங்கும் காசில் ஒரு ஆளுக்கு எத்தனை மாதச் சம்பளம் வரும் என்று மேசைமேல் விரலால் கணக்குப் போட்டோம். கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை.

திரும்பும்போது பாரத்தைத் தட்டச்சு செய்து தரச் சொன்னார். தந்தேன். கையெழுத்துப் போடும் இடத்தைத் தவிர எல்லாம் நிரப்பியாகிவிட்டது. சாமி மேடைக்குக் கீழ் டிராயரில், தாத்தாவின் சிவப்பு ஐசிக்கு மேலே அது இருக்கிறது. போன வாரம் போனில் கேட்டேன்.

"இன்னும் போடல" என்றார். "ஆனா கிழிக்கவும் இல்ல."