முனியப்பனும் சாக்கியமுனியும்

சேலம் மாநகரின் பெரியேரிப் பகுதியில் ஒரு சிறு கோவில் உண்டு. அங்கு வீற்றிருப்பவரை மக்கள் நெடுங்காலமாகத் தலைவெட்டி முனியப்பன் என்றே அழைத்து வந்தனர். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் முனியப்பன் என்றால் முறுக்கிய மீசையும் உருட்டிய விழியும் ஓங்கிய அரிவாளும் நினைவுக்கு வரும். இங்கோ அவற்றுள் ஒன்றும் இல்லை. தாமரைப் பீடத்தின்மேல் அமர்ந்த திருமேனி, மடிமீது தியான முத்திரையில் பொருந்திய கைகள், சுருள்முடி, நீண்டு தாழ்ந்த செவிகள். கழுத்தில் மட்டும் ஒரு தழும்பு. உடலினின்று துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் கொண்டு பின்னாளில் ஒட்டியுள்ளனர். அக்காயத்தை மறக்கவிடாமல் ஊர் வைத்த பெயரே 'தலைவெட்டி'.

'முனி' என்பதும் அயற்பெயரன்று. புத்தரைச் சாக்கியமுனி என்பர். தமிழகத்தில் புத்தர் உருவங்கள் வேறு பெயர்களில் வழிபடப்படுவதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளிவந்த 'பௌத்தமும் தமிழும்' என்னும் நூலில் எடுத்துரைத்தார். சேலத்திற்குக் கிழக்கே, ஆத்தூரைக் கடந்து தலைவாசலை அடுத்துள்ள தியாகனூரிலும் இரு பெரிய புத்தர் சிலைகள் உள்ளன. அவ்வூரார் அவரைப் புத்தர் என்றே அறிவர். ஆதலின் அங்கு வழக்கு எழவில்லை.

பெரியேரிச் சிலை புத்தருடையதே என 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நீதிமன்றம் பணித்தபடி தொல்லியல் துறையினர் சிலையை ஆராய்ந்து, புத்தருக்குரிய இலக்கணங்கள் அதில் அமைந்துள்ளன என்று அறிக்கை அளித்தனர். 2022 ஜூலையில் வந்த தீர்ப்பு அதனை ஏற்றது. இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பிலிருந்த இடம் தொல்லியல் துறையிடம் செல்ல வேண்டும். மக்கள் வந்து காணலாம். பூசை கூடாது என்பது ஆணை.

கல்லின் அடையாளத்தைப் பொறுத்தவரை தீர்ப்பில் குறை காண இயலாது. துறவியைக் காவல் தெய்வமாக்கியது அவர் வரலாற்றை மறைத்தது என்பதும் உண்மையே. எனினும், தலை துண்டான சிலையைக் குப்பையில் சேராமல் காத்தது, மாற்றுப்பெயரில் நிகழ்ந்த அவ்வழிபாடுதான். பொங்கலிட்டு நேர்த்திக்கடன் செலுத்தி வந்த குடும்பங்களுக்குச் சிலையியல் தெரியாது. அந்த முகம் தெரியும். காண்பதற்குத் தடையில்லை, பூசைக்குத் தடை உண்டு. பழக்கத்தால் அம்முகத்தின்முன் கண்மூடிக் கைகூப்பி நிற்கும் மூதாட்டி ஒருத்தி, இவ்விரண்டுள் எதனைச் செய்கிறாள்?