ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்

மயிலாடும்பாறையிலிருந்து கொடைக்கானலுக்குத் தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி தாண்டி காட்ரோட்டில் மலையேற வேண்டும். வழியில் வெள்ளி அருவி வந்ததும் பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் ஒரே பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். மேலே கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது.

அண்ணன் மகள் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறாள். பெண்களுக்காக 1984இல் அரசு தொடங்கிய பல்கலைக்கழகம். வளாகம் இருப்பது அட்டுவம்பட்டியில். ஏரிக்கு பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். தோழிகள் மூன்று பேரோடு கரையில் நின்றாள்.

"படகுல போலாமா?" என்றேன்.

"வேணாம் சித்தப்பா. அந்தக் காசுக்கு எல்லாரும் பஜ்ஜி தின்னு டீயும் குடிச்சிரலாம்."

1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரி இது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தாராம். இப்போது தண்ணீர் முழுக்கப் படகுகள், அத்தனையிலும் வெளியூர்க்காரர்கள். 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் கேட்கிறார்கள். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை கார்களுக்குக் குறைவில்லை.

நடந்தோம். ஒரு சுற்று ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். ஏரி நட்சத்திர வடிவம் என்று படித்திருக்கிறேன். கரையில் நடக்கிறவருக்கு வளைவுக்கு மேல் வளைவுதான். வாடகை சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போயின. குதிரைகளுக்கு ஒதுங்கி வழிவிட்டோம். பெண்கள் நால்வரும் பாடம், விடுதிச் சோறு, யாரோ ஒரு சீனியரின் கல்யாணம் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். நடுவில் சுவரில் ஏறி உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வெறுமனே பார்த்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் புதிதாக இருந்தது. மூல வைகையில் தண்ணீர் வந்தால் எங்கள் ஊரே பார்க்கப் போகும். ஆனால் சாயங்காலம் ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் பையன்கள் மட்டும்தான். கல்லூரி விட்டு வரும் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போவாள். அரைமணி நேரம் பிந்தினால் அம்மா தெருமுனைக்கு வந்துவிடுவாள். படிப்புக்கென்று மலையேற்றி அனுப்பியதில் இந்த உட்காரலும் கிடைத்திருக்கிறது. அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாரா, போனைப் போட்டு அதட்டுவாரா!

பஜ்ஜிக்கு நான் காசெடுக்குமுன் ஒருத்தி செல்போனில் கட்டிவிட்டாள். மற்றவர்கள் தங்கள் பங்கை அவளுக்கு அனுப்பினார்கள். என்னிடம் வாங்கவே இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு சித்தப்பா. இன்னொரு சுத்து?"

முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. நால்வரும் கிளம்பிப் போனார்கள்.