காண்க

ஒரு நூலின் பிழைகளில் பெரும்பாலானவை தாமாகவே வாசகன் கண்ணில் பட்டுவிடும். 'காண்க: பக்கம் 214' என்ற வரியிலுள்ள பிழை அப்படியல்ல. 214ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறவனுக்குத்தான் அது பிழை. அவ்விதம் புரட்டுகிறவர்கள் மிகச் சிலர். அவர்களுக்காகத்தான் அந்த வரியே எழுதப்படுகிறது.

காந்திபுரத்தில் ஒரு டிடிபி மையத்தில் வேலை பார்த்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் பெருங்கதை ஆராய்ச்சியைப் பக்கம் கட்டினேன். 600 பக்கம், 'காண்க'கள் 300க்கு மேல். பழைய எழுத்துருவில் அவரே வேர்டில் அடித்தது. பக்க எண்களைக் கையால் இடாமல், தலைப்போடு கட்டிவைத்திருந்தார். தலைப்பு நகர்ந்தால் எண்ணும் மாறும்.

தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியேற்றங்களைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கு வந்தது. இடையில் சேர்ந்த பிரதிகளையெல்லாம் மாற்றியாக வேண்டும். நானும் அத்தியாயம் அத்தியாயமாக நகலெடுத்து, மாற்றியில் இட்டு, திரும்ப ஒட்டினேன். எழுத்துகள் சுத்தமாக வந்தன. ஆனால் மாற்றிக்குத் தெரிந்தது எழுத்து மட்டும். தலைப்புக்குள் ஒளிந்திருந்த அடையாளக்குறி உதிர்ந்துபோயிற்று. 'காண்க'வுக்குப் பின்னிருந்த எண் வெறும் எண்ணாயிற்று. பார்வைக்கு வித்தியாசமில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் யூனிகோடிலேயே எழுதப்பட்டது, மாற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும் தேர்ந்து எஃப்9 விசையைத் தட்டியதும் அங்கே 11 இடங்களில் 'எர்ரர்!' என்று தடித்த எழுத்தில் வந்து விழுந்தது. பதறித் திருத்தினேன். தலைப்புகளில் குறியை மறுபடி வைத்து, 11ஐயும் புதிதாகக் கட்டினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். இதற்கிடையில் ஆசிரியர் 200ஆம் பக்கத்தை ஒட்டி 12 பக்கம் புதிதாகச் சேர்த்திருந்தார். முன்பகுதியில் பத்து எண்களைச் சரிபார்த்தேன். பத்தும் சரி. 500 பிரதி அச்சாயிற்று.

ஒரு வாரம் கழித்து வந்தார். கோபமில்லை.

"இருநூறுக்கு மேல எல்லாமே பன்னண்டு பக்கம் தள்ளி நிக்குதுங்க தம்பி. கூட்டிப் படிச்சாச் சரியாப் போச்சு."

திருத்தச் சீட்டு அடித்தோம்: '200க்கு மேற்பட்ட பக்க எண்களோடு 12 கூட்டிக்கொள்ளவும், கடைசி அத்தியாயம் நீங்கலாக.' கூச்சலிட்ட அத்தியாயம் ஒன்றே சரியாக இருந்தது. சீட்டை ஒட்டிக்கொண்டிருக்கையில்தான் இது எனக்கு உறைத்தது.

ஈய அச்சில் ஒரு வழக்கம் உண்டு. பக்கம் தெரியாத இடத்தில் எழுத்தைத் தலைகீழாகச் செருகுவார்கள். புரூஃபில் கறுப்புக் கட்டையாக விழும். லேடெக் என்ற மென்பொருள் அதே இடத்தில் இரண்டு கேள்விக்குறி போடுகிறது. இரண்டும் அசிங்கம், இரண்டும் நாணயமானவை. பிழையை மறைத்து நேர்த்தியாக நிற்கும் எண்தான் ஆபத்தானது.

பெருங்கதையை எழுதிய கொங்குவேளிர் விஜயமங்கலத்துக்காரர். உ.வே.சாமிநாதையர் 1924இல் அதைப் பதிப்பித்தபோது முதலும் இல்லை, முடிவும் இல்லை. உஞ்சைக் காண்டம் 32ஆம் பகுதியில் தொடங்குகிறது. முன்கதையை நினைவூட்டும் இடங்களில் திரும்பிப் பார்த்தால் பக்கமே இல்லை. ஆனால் 32 என்ற எண் அப்படியே நிற்கிறது. யாராவது அதை 1 என்று திருத்தி ஒழுங்குபடுத்தியிருந்தால், 31 பகுதிகள் தொலைந்ததை அந்த எண் நமக்குச் சொல்லாது.

இப்போது மாற்றியில் இடுமுன் ஒவ்வொரு 'காண்க' எண்ணையும் 000 ஆக்கிவிடுகிறேன். எழுத்து மாறியபின் ஒவ்வொன்றாகக் கட்டுகிறேன். சரிபார்ப்பதைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். இரண்டு நாள் கூடுதலாகிறது. அதற்குக் கூலி கேட்டால் யாருக்கும் புரிவதில்லை.

ஆசிரியர் தம் சொந்தப் பிரதியில் சீட்டை ஒட்டவில்லை. தள்ளி நின்ற எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பேனாவால் அடித்து எழுதியிருந்தார்.