தொட்டிக்கும் பத்தியம் உண்டு

காய்கறித் தோலைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, ரோஜாச் செடிக்குக் காசு கொடுத்து எரு வாங்குகிறவரா நீங்கள்? எங்கள் வீட்டில் அந்தச் செலவு நின்றுவிட்டது. பக்கத்திலும் அடியிலும் துவாரமிட்ட மண் தொட்டி ஒன்று போதும்.

கத்தரிக்காய்க் காம்பு, வாழைப்பழத் தோல், காப்பிச் சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் அதற்குப் பிடிக்கும். சுவாமிக்குச் சாற்றிய பூவும் ஆகும். நைலான் நூலை மட்டும் உருவிவிடுங்கள். மீந்த சாம்பார், மோர், மீன் முள் கூடவே கூடாது. எலி வரும்; நாற்றம் வரும்; பின்னாலேயே மாடி வீட்டு அம்மாளும் வருவார்! வீட்டுக்காரர் தொட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டால், குடித்தனக்காரர்கள் நாம் என்ன செய்ய முடியும்?

ஆகவே ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரண்டு பங்கு சருகு போட்டு மூடுங்கள். சருகு அகப்படாவிட்டால் தேங்காய் நார். கொட்டாங்கச்சி வேண்டாம்; வருஷக் கணக்கில் அப்படியே கிடக்கும். மூன்று நான்கு மாதத்தில் எல்லாம் கறுத்து உதிர்ந்து, மழை பெய்த மண்போல மணக்கும். அப்போது செடிக்குப் போடலாம்.