அழுத்திய எண் எங்கே போனது?

கைபேசியிலிருந்து ஒரு தானியங்கிச் சேவையை அழைக்கும்போது, 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' என்று பதிவுக் குரல் சொல்கிறது. ஒன்றை அழுத்தியும், 'நீங்கள் எதையும் தேர்வு செய்யவில்லை' என்றே அது திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. சில நேரம் ஒருமுறை அழுத்திய 5, இரண்டு ஐந்துகளாகப் பதிவாகிக் கணக்கு எண்ணே தவறிப்போகும். அழுத்தியவரின் காதில் 'பீப்' ஒலி தெளிவாகவே கேட்கிறது. ஐவிஆர் எனப்படும் அந்த இயந்திரத்துக்கு மட்டும் அது எட்டுவதில்லை.

பழுதின் மூலத்தைத் தேடுவோருக்கு முதல் தடயம் எளிய சோதனை ஒன்றில் கிடைக்கிறது. கைபேசியின் அமைப்புகளில் டயல்பேட் ஒலியை அணைத்துவிட்டு ஐவிஆர் சேவையை அழைத்தால், பொத்தானை அழுத்தும்போது ஓசையே எழாது. ஆனாலும் எண் சரியாகப் போய்ச் சேரும். காதில் விழும் பீப், பொத்தான் அழுந்தியதைப் பயனருக்குக் காட்டுவதற்காகக் கைபேசி தானே எழுப்பும் ஒலி மட்டுமே என்பது இதனால் தெரிகிறது. மறுமுனைக்குக் கேட்கும் ஒலி வேறோரிடத்தில் பிறக்கிறது. அது ஏன் அப்படி ஆனது என்பதற்கான விடை, சுழல் டயல் காலத்திலிருந்து தொடங்குகிறது.

சுழல் டயல் தொலைபேசி எண்ணை ஒலியாக அனுப்பவில்லை. மின்சுற்றைத் துண்டித்துத் துண்டித்து அனுப்பியது. 3 என்றால் மூன்று துண்டிப்பு, 0 என்றால் பத்து. வினாடிக்குச் சுமார் 10 துண்டிப்பு என்பது வழக்கமான வேகம். இந்தத் துடிப்புகளை எண்ணி இணைப்புக் கொடுப்பது உள்ளூர் எக்ஸ்சேஞ்சின் வேலை. இணைப்புக் கிடைத்தபின் டயலைச் சுழற்றினால் மறுமுனையில் 'டக் டக்' என்ற மெல்லிய சத்தத்துக்கு மேல் எதுவும் கேட்காது. அதாவது துடிப்பின் பயணம் எக்ஸ்சேஞ்சோடு முடிந்துவிடும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகம் இதற்கு மாற்றாக ஒலியால் எண்ணைச் சொல்லும் முறையை உருவாக்கியது. 1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஆகிய ஊர்களில் 'டச்-டோன்' என்ற பெயரில் அது வாடிக்கையாளர்களுக்கு வந்தது. முதலில் வந்த கருவியில் பத்துப் பொத்தான்களே இருந்தன. ஸ்டாரும் ஹாஷும் 1968இல் சேர்ந்தன. தொழில்நுட்ப வட்டாரத்தில் இந்த முறைக்கு டிடிஎம்எஃப் என்று பெயர்.

இதில் ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்பும். எண்பலகையின் நான்கு வரிசைகளுக்கு மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். மூன்று நெடுவரிசைகளுக்கு இடமிருந்து வலமாக 1209, 1336, 1477 ஹெர்ட்ஸ். நடுவில் உள்ள 5ஐ அழுத்தினால் 770உம் 1336உம் சேர்ந்து ஒலிக்கும். நான்காம் நெடுவரிசையாக 1633 ஹெர்ட்ஸும் வகுக்கப்பட்டது. அதில் அமைந்த ஏ, பி, சி, டி என்ற பொத்தான்களை அமெரிக்க ராணுவத்தின் ஆட்டோவான் வலையமைப்பு அழைப்புகளின் முன்னுரிமையைக் குறிக்கப் பயன்படுத்தியது.

ஒற்றை ஒலி போதாதா என்ற கேள்விக்குப் பதில் மனிதக் குரலில் இருக்கிறது. பேச்சும் பாட்டும் சீழ்க்கையும் ஏதோ ஒரு கணத்தில் ஒற்றை ஒலியைப் போலித்துவிடக்கூடும். இரண்டு குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக, வேறெதுவும் கலக்காமல் இரண்டு ஒலிகள் சேர்ந்து வருவது குரலில் மிக அரிது. எந்த ஒலியும் இன்னொன்றின் மடங்காக அமையாதபடியும், எந்த இரண்டின் கூட்டலோ கழித்தலோ மூன்றாவது ஒன்றோடு பொருந்தாதபடியும் இந்த அலைவெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

கேட்கும் கருவியும் அதே கண்டிப்போடு இயங்குகிறது. குறித்த அலைவெண்ணிலிருந்து 1.5 சதவீதம் வரை விலகினால் ஏற்க வேண்டும், 3.5 சதவீதத்துக்கு மேல் விலகினால் தள்ள வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒலி குறைந்தது 40 மில்லிசெகண்டாவது நீடிக்க வேண்டும். இரண்டு எண்களுக்கிடையே இடைவெளியும் வேண்டும். இரு ஒலிகளின் உரப்பும் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடக் கூடாது. இன்றைய கணினிச் சேவைகள் பலவற்றில் இந்தச் சோதனையைச் செய்வது, ஜெரால்டு கோர்ட்செல் 1958இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை. வரும் ஒலி முழுவதையும் அலசாமல், வேண்டிய எட்டு அலைவெண்களில் மட்டும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அது பார்க்கிறது.

பெல் ஆய்வகம் இந்த ஒலிகளை எக்ஸ்சேஞ்சுக்காகவே வகுத்தது. ஆனால் அவை பேச்சு செல்லும் அலைவரம்புக்குள்ளேயே இருந்ததால், இணைப்புக் கிடைத்த பின்னும் கம்பி வழியே மறுமுனை வரை போயின. வங்கி, ரயில்வே விசாரணை, எரிவாயு முன்பதிவு என எல்லா ஐவிஆர் சேவைகளும் இந்த இரண்டாம் பயனின் மேல்தான் எழுந்தன. பழுதின் முதல் வடிவமும் அப்போதே வந்துவிட்டது. பல பொத்தான் தொலைபேசிகளில் 'பல்ஸ்', 'டோன்' என்று ஒரு சுவிட்ச் இருந்தது. அது பல்ஸில் இருந்தால் வெளி அழைப்பெல்லாம் ஒழுங்காகப் போகும். ஐவிஆர் மட்டும் எந்த எண்ணையும் அறியாது.

கைபேசி வந்ததும் டிடிஎம்எஃப் ஒலியின் முதல் வேலை மறைந்தது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் முழு எண்ணும் ஒரே டிஜிட்டல் செய்தியாக வலையமைப்புக்குப் போய்விடுகிறது. அங்கே ஒலிக்கு இடமில்லை. ஐவிஆருக்கு எண் சொல்லும் இரண்டாம் வேலை மட்டும் எஞ்சியது. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. லேண்ட்லைன் வலையமைப்பு குரலுக்கு வினாடிக்கு 64 கிலோபிட் ஒதுக்கியது. ஜிஎஸ்எம் கைபேசி 13 கிலோபிட்டில் அதைச் சுருக்கியது. இந்தச் சுருக்கமுறை மனிதக் குரலின் இயல்பை வைத்து வகுக்கப்பட்டது. இரட்டை ஒலி அதற்குள் போனால் சிதைந்து, 1.5 சதவீத வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

அதனால் ஜிஎஸ்எம் தரம் ஒலியை அனுப்புவதையே கைவிட்டது. அழைப்பின் நடுவே 5ஐ அழுத்தினால், '5ஐத் தொடங்கு' என்ற செய்தி வலையமைப்புக்குப் போகிறது. விரலை எடுத்தால் 'நிறுத்து' என்ற செய்தி போகிறது. 770, 1336 ஹெர்ட்ஸ் ஒலிகளை உண்மையில் எழுப்புவது கைபேசிச் சேவை நிறுவனத்தின் சுவிட்ச் மையம்.

இணையவழிக் குரல் அழைப்பும் வோல்ட்இ எனப்படும் 4ஜி அழைப்பும் இதே கொள்கையை வேறு வழியில் கடைப்பிடிக்கின்றன. ஆர்எஃப்சி 4733 என்ற தரத்தின்படி, குரல் பாக்கெட்டுகளுக்கிடையே எண்ணையும் அது நீடித்த நேரத்தையும் சொல்லும் தனிப் பாக்கெட்டுகள் செல்கின்றன. வழியில் தொலைந்தாலும் பாதகமில்லாதபடி, முடிவைச் சொல்லும் பாக்கெட் மூன்று முறை அனுப்பப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தில், கேட்வே என்ற கருவி இந்தச் செய்தியை மறுபடி ஒலியாகவோ வேறு செய்தி வடிவமாகவோ மாற்றித் தருகிறது.

எண் தொலைவது பெரும்பாலும் இந்த மாற்றங்கள் நடக்கும் இடங்களில்தான். இரு முனைகளும் எண்ணை எந்த வடிவில் பரிமாறுவது என்று ஒத்துப்போகாவிட்டால், ஒரு பக்கம் செய்தியாக அனுப்பும். மறுபக்கம் ஒலிக்காகக் காத்திருக்கும். சேவைக்கு எதுவும் கேட்காது. கேட்வே செய்தியை ஒலியாக மாற்றிவிட்டு மூலச் செய்தியையும் கடத்தினால், அதே எண் இரண்டு முறை பதிவாகும். விரைந்து அழுத்தும்போது பிறக்கும் ஒலி மிகக் குறுகியதாக இருந்தாலும், பதிவுக் குரல் முடியும் முன் எண்ணை ஏற்காதபடி சேவை அமைக்கப்பட்டிருந்தாலும் எண் வீணாகும். வேறொரு கருவியில் பதிவுசெய்த டிடிஎம்எஃப் ஒலியைக் கைபேசி மைக்கின் முன் ஒலிக்கவிடுவது நம்பத்தக்க வழி அல்ல. சுருக்கமுறையும் இரைச்சல் நீக்கியும் அதைக் குலைத்துவிடலாம்.

பழுது எங்கே என்பதைப் படிப்படியாக ஒதுக்கிக் கண்டறியலாம். அழைப்புத் திரையில் உள்ள கீபேடைத் திறந்து, பதிவுக் குரல் முடிந்தபின் ஒவ்வொரு எண்ணையும் சற்று நிதானமாக அழுத்துவது முதல் படி. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டிடிஎம்எஃப் ஒலியின் நீளத்தைக் கூட்டும் அமைப்பும் உண்டு. பிறகு வைஃபை அழைப்பை அணைத்தும், 4ஜியிலிருந்து 2ஜிக்கு மாறியும் பார்க்கலாம். அப்போது எண் ஏறினால் குறை வலையமைப்பின் பாதையில் இருக்கிறது. ஒரே கைபேசி மற்ற சேவைகளில் ஒழுங்காக இயங்கி ஒன்றில் மட்டும் தவறினால், அந்தச் சேவையின் கேட்வே அமைப்பில் குறை. எல்லாச் சேவைகளிலும் தவறினால், சிம்மை வேறு கைபேசியில் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே சரியாக இயங்கினால் பழுது பழைய கைபேசியுடையது. அங்கும் தவறினால் புகார் போக வேண்டிய இடம் சிம் வழங்கிய நிறுவனம்.